கழுத்தும் கண்ணும்: மலையகத்தில் தைரொயிட்டு நோயை அளந்த வரலாறு

ஒரு சமுதாயம் எவற்றை அளந்து குறித்து வைத்தது, எவற்றை அளக்காது விட்டது என்று நோக்கின் அச்சமுதாயத்தின் வரலாற்றில் ஒரு பகுதி துலங்கும். எமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அளவைக்குக் குறைவு இருந்ததில்லை. பறித்த கொழுந்து நாள்தோறும் தராசில் ஏறியது. பிரட்டுக்களத்திற்கு வந்தோர் தொகை எண்ணப்பட்டது. குறித்த நிறை பறிக்காதவளுக்கு அரைப்பேர் விழுந்தது. மழை எத்தனை அங்குலம் பெய்தது என்பதுகூடத் துரையின் குறிப்பேட்டில் இருந்தது. ஆயின், அக்கொழுந்தைப் பறித்த கையின் நடுக்கத்தையும், கூடைக்கயிறு தாங்கிய தலையின் கீழிருந்த கழுத்தின் வீக்கத்தையும், மலையை அண்ணாந்து பார்த்த கண்ணின் பிதுக்கத்தையும் அளந்தவர் யார், எப்பொழுது, எதற்காக என்ற வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய் ஆகும்.

கை நடுக்கம், கழுத்து வீக்கம், கண் பிதுக்கம் ஆகிய மூன்றும் தைரொயிட்டுச் சுரப்பியோடு தொடர்புடையவை. மருத்துவ பீடத்தார் கூறவேண்டியதை வரலாறு பயிலும் மாணவி ஒருத்தி கூறப்புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நோய்க்கு மட்டுமன்றி, நோயைக் காணும் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அக்கருவி யாரிடம் எப்போது சென்றடைகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அன்றியும், எனது பெரியம்மா ஒருவரின் நோயே இவ்வினாவை என்னுள் எழுப்பியது. அதனைப் பின்னர் கூறுவேன்.

இலங்கையில் 'எம்.ஆர்.ஐ.' என்ற மூன்றெழுத்துக்கு இரு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, கொழும்பில் 1900ஆம் ஆண்டில் நுண்ணுயிர் ஆய்வகமாகத் தொடங்கிப் பின்னர் வளர்ந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். மற்றையது, காந்தப் பரிவு மூலம் உடலின் உட்புறத்தைப் படமாக்கும் ஸ்கான் கருவி. முன்னையது மக்கட் கூட்டத்தின் கழுத்தை அளந்தது; பின்னையது தனியொருவரின் கண்ணுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு தோட்டப் பெண் எவ்வாறு தவறவிடப்படுகிறாள் என்பதைக் காட்டுவதே எனது நோக்கம்.

உழைப்பின் பொருட்டு அளந்த உடல்

கோப்பித் தோட்டங்களின் காலத்திலேயே தென்னிந்தியத் தொழிலாளரின் உடல்நலம் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்துவிட்டது. 1872ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, தொழிலாளர் மாறவில்லை. 1912இல் மருத்துவச் சட்டமும் திருத்தி விரிவாக்கப்பட்டது.

இச்சட்டங்களின் பின்னணியில் மனிதாபிமானம் அறவே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. எனினும் எந்த நோய்கள் முதலில் எண்ணப்பட்டன என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. கொலரா, அம்மை முதலிய தொற்றுநோய்கள் கப்பல் வழியையும் தோட்டத்தையும் ஒருங்கே அச்சுறுத்தின, அவை எண்ணப்பட்டன. கொழுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சித் தொழிலாளியைச் சோரச் செய்தது. 1916இல் றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் அதற்கெதிரான இயக்கம் இலங்கையில் தொடங்கியபோது தோட்டங்களே அதன் முதற் களங்களாயின. உழைப்பைக் குறைத்த நோய், கூட்டமாகத் தாக்கிய நோய், மலிவான மருந்தால் ஒரே மூச்சில் தீர்க்கத்தக்க நோய் ஆகியவை அளவைக்கு உட்பட்டன. தனியொருத்தியைத் தாக்கி மெல்ல வளரும் நோய் அவ்வேட்டில் இடம்பெறுதல் அரிதாயிற்று.

கழுத்தை அளந்த காலம்

தைரொயிட்டு கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி. அது சுரக்கும் ஓமோன் உடலின் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் அனுசேபத்தையும் ஆள்கின்றது. அந்த ஓமோனை ஆக்குதற்கு அயடீன் இன்றியமையாதது. உணவில் அயடீன் குறைந்தால், கிடைக்கும் சிறிதளவைப் பற்றிக்கொள்ளும் முயற்சியில் சுரப்பி பருக்கின்றது. இதுவே கழலை. தமிழ் வைத்தியத்தில் கழுத்துக் கட்டிகளைக் குறிக்கக் 'கண்டமாலை' என்ற சொல் வழங்கி வந்தமை, இவ்வகை வீக்கங்கள் எமது முன்னோர் கண்ணிற் பட்டிருந்தமைக்குச் சான்றாகும்.

இலங்கையின் ஈரவலயத்தில் கழலை பரவலாக இருந்ததை விஞ்ஞான முறையில் எடுத்துக்காட்டியவர்களுள் டக்மார் கேர்ஜல் வில்சன் என்ற பெண் மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். இலங்கையிலும் நைஜீரியாவிலும் காணப்பட்ட கழலை பற்றிய அவரது கட்டுரை 1954இல் வெளிவந்தது. தொடர்ந்து மகாதேவாவும் சண்முகநாதனும் 1967இலும், மகாதேவா வேறு பலருடன் இணைந்து 1968இலும் இலங்கையின் கழலைப் பிரச்சினை பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர். தமிழர் சிலரின் பெயர்கள் இந்த ஆய்வு வரலாற்றில் முன்னணியில் நிற்பது எமது மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

கழுத்தை அளந்த முறை மிக எளியது. 1960இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, சுரப்பியின் பக்கக் கதுப்பு ஒருவரது பெருவிரலின் நுனிக்கணுவை விடப் பெரிதாக இருப்பின் அதனைக் கழலை எனக் கொள்வர். அளவுகோல் நோயாளியின் கையிலேயே இருந்தது. பாடசாலை வாசலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைத் தொட்டுப் பார்த்துவிடலாம். இவ்வெளிமையே பெருங் கணக்கெடுப்புகளைச் சாத்தியமாக்கியது. 1986இல் 17 மாவட்டங்களில் ஏறத்தாழ 59,000 பாடசாலைப் பிள்ளைகள் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டனர். சராசரியாக நூற்றுக்கு 18.8 பேரிடம் கழலை காணப்பட்டது. களுத்துறையில் இது 30.2 ஆக உயர்ந்தும் மாத்தளையில் 6.5 ஆகத் தாழ்ந்தும் இருந்தது.

காரணம் மழையா, மண்ணா, உணவா என்ற வினா எழுந்தது. மழை மண்ணிலிருந்து அயடீனை அடித்துச் சென்றுவிடுகிறது என்பதே பொதுவான விளக்கம். ஆயின் பேராதனைப் பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் பிரித்தானியப் புவியியலாளரும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்தின் எளிமையைக் கலைத்தது. கழலை மிகுந்த கிராமங்களின் மண்ணிலேயே அயடீனும் செலேனியமும் மிகுந்திருந்தன. ஆனால் உக்கல் மிகுந்த களிமண் அவற்றை இறுகப் பற்றியதால் அவை பயிருக்கு எட்டவில்லை. மண்ணில் இருப்பது வேறு, மனிதருக்குக் கிடைப்பது வேறு. மலைநாட்டு வரலாற்றைப் பயில்வோர் பிற துறைகளிலும் கண்ட உண்மை இது.

1995இல் மனித நுகர்வுக்கான உப்பில் அயடீன் சேர்க்கப்பட வேண்டும் என்பது சட்டமாயிற்று. ஐந்தாண்டின் பின்னர், 2000-2001இல், மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் நாடளாவிய ஆய்வு நடத்தியபோது சிறுநீரில் அயடீன் போதுமான அளவில் இருந்தது. எனினும் பிள்ளைகளுள் நூற்றுக்கு 20.9 பேரிடம் கழலை எஞ்சியிருந்தது. பருத்த கழுத்து மெல்லவே சுருங்கும். 2010இல் அதே நிறுவனம் மீண்டும் அளந்தபோது அத்தொகை 4.4 ஆகக் குறைந்திருந்தது. விரலாற் கழுத்தைத் தொட்டுப் பார்த்த எளிய அளவை, உப்புப் பொதியின் வழியாக ஒரு தலைமுறையையே காத்தது எனலாம். பொதுச் சுகாதாரத்தின் வெற்றிகளுள் இதுவும் ஒன்று. லயக் காம்பராவின் அடுப்பங்கரைக்கும் அது வந்து சேர்ந்தது.

கண் வேறு, கழுத்து வேறு

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். அயடீன் குறைவால் வரும் கழலை கண்ணைப் பிதுக்குவதில்லை. கண்ணைத் தாக்கும் தைரொயிட்டு நோய் பெரும்பாலும் கிரேவ்ஸ் நோயைச் சார்ந்தது. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி தன் சொந்தச் சுரப்பியையே தாக்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்குவதே அந்நோய். அவை தைரொயிட்டைத் தூண்டி ஓமோனை மிகைப்படுத்துவதோடு, கண்குழியிலுள்ள இழையங்களையும் பற்றுகின்றன. எனவே உப்பில் அயடீன் சேர்த்துவிட்டதால் கண்நோயும் தீர்ந்தது என்று எண்ணுதல் தவறாகும்.

மாறாக, அயடீன் வந்ததால் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் பெருகினவோ என்ற ஐயம் எழுந்தது. பிரேமவர்தனவும் பிறரும் இலங்கைப் பாடசாலை மாணவியர் 367 பேரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஒருவகைப் பிறபொருளெதிரி 11 வயதினருள் நூற்றுக்கு 14.3 பேரிடமும் 16 வயதினருள் 69.7 பேரிடமும் காணப்பட்டது. 2003இல் வெளியான தொடராய்வில் அது குறைந்திருந்தது. அது கண்நோயை விளைவிக்கும் பிறபொருளெதிரியும் அன்று. ஆதலால் உப்பை அஞ்சவேண்டியதில்லை. எனினும் கழுத்தை மட்டும் அளந்து அமைதியுறும் காலம் முடிந்துவிட்டது என்பதை இவ்வாய்வுகள் உணர்த்தின.

கண்ணைக் கண்டவர்கள்

கழலையும் இதயப் படபடப்பும் கண் பிதுக்கமும் சேர்ந்துவரும் நோயை இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் கேலெப் பரி 1786 முதல் அவதானித்து வந்தார். அவர் இறந்த பின்னரே, 1825இல், அக்குறிப்புகள் அச்சேறின. 1835இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் றொபர்ட் கிரேவ்ஸ் அந்நோயை விரித்துரைத்தார். 1840இல் ஜேர்மனியின் மேர்ஸபேர்க் நகரில் கார்ல் வொன் பாஸடோ, கண் பிதுக்கத்துக்குக் காரணம் கண்குழியிலுள்ள இழையங்கள் பருத்தலே என்று எழுதினார். நோய் கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அவர் உய்த்துணர்ந்தார். ஆனால் உயிருள்ளவரின் கண்ணுக்குப் பின்னால் பார்க்க அன்று வழியில்லை.

ஆகவே மருத்துவர்கள் முன்னால் தெரிந்ததை நுணுகி நோக்கினர். கண் கீழ்நோக்கும்போது மேலிமை உடன் இறங்காது பின்தங்குவதை 1864இல் பேர்லினின் வொன் கிராபே குறித்தார். 1905இல் ஹேர்ட்டல், கண்குழியின் வெளிவிளிம்பிலிருந்து விழி எத்தனை மில்லிமீற்றர் முன்தள்ளி நிற்கிறது என்பதை அளக்கும் கருவியை அமைத்தார். இரு கண்களுக்கிடையே 2 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு இருப்பின் ஐயுறவேண்டும் என்பது இன்றும் கைக்கொள்ளப்படும் விதி.

முன்தள்ளிய அளவு தெரிந்தாலும் ஒன்று தெரியவில்லை: நோய் இப்போது எரிந்துகொண்டிருக்கிறதா, எரிந்து அணைந்துவிட்டதா? 1945இல் றண்டில் என்பவர் இந்நோயின் போக்கை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். முதலில் அழற்சி ஏறுகிறது, உச்சம் தொடுகிறது, ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுள் தணிந்து ஒரே நிலையில் நிற்கிறது. தணிந்தபின் கண் பழைய நிலைக்கு மீள்வதில்லை. வீங்கிய தசைகள் தழும்பாகி இறுகிவிடுகின்றன. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட்டு மருந்து ஏறுமுகத்தில் பயன் தரும். தழும்பான பின்னர் பயன் தராது. பின்னர் பெரும்பாலும் எஞ்சுவது சத்திரசிகிச்சையே. ஆக, இந்நோயில் 'எவ்வளவு' என்பதைவிட 'எப்பொழுது' என்பதே பெரிய வினா.

இதற்கு விடைகாண 1989இல் நெதர்லாந்தின் மொரிட்ஸும் பிறரும் ஒரு புள்ளிமுறையை வகுத்தனர். கண்ணில் நோவு, இமையின் சிவப்பு, வெண்விழியின் சிவப்பு, வீக்கம் முதலியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. இப்போது வழங்கும் ஏழு அடையாளங்களுள் மூன்றேனும் இருப்பின் நோய் எரிநிலையில் உள்ளது என்பர். செலவில்லாத, சிறந்த முறை. ஆனால் ஒரு லயத்தை மனத்திற் கொண்டு இதனை நோக்குங்கள். ஈர விறகின் புகை நிறைந்த காம்பராவில் அடுப்பூதும் பெண்ணின் கண் என்றுமே சிவந்திருக்கிறது. கருநிறத் தோலில் இமையின் செம்மை எளிதிற் புலப்படாது. ஒருபுறம் இல்லாத அழற்சி இருப்பதாகவும், மறுபுறம் இருக்கும் அழற்சி இல்லாததாகவும் தோன்ற இடமுண்டு. இங்கேதான் காந்தப் பரிவுப் படம் உண்மையான துணையாகின்றது.

கண்ணுக்குப் பின்னால்

1895இல் றொன்ட்கன் கண்ட கதிர் எலும்பைக் காட்டியது. தசையைத் தெளிவாகக் காட்டவில்லை. 1971இல் ஹவுன்ஸ்பீல்டின் சீ.ரி. ஸ்கான் முதன்முதல் ஒரு நோயாளியிடம் பயன்பட்டது. பருத்த கண் தசைகளை உயிருள்ளவரிடமே காணும் வாய்ப்பு அதனாற் கிட்டியது. பாஸடோ உய்த்துணர்ந்ததை 130 ஆண்டுகளின் பின் மருத்துவ உலகம் கண்ணாற் கண்டது. அதே 1971இல் றேமண்ட் டமேடியன், நோயுற்ற இழையமும் நலமான இழையமும் காந்தப் பரிவில் வேறுவேறு தளர்வு நேரங்களைக் காட்டுவதை வெளியிட்டார். 1973இல் போல் லோட்டர்பர் நீர்க்குழாய்கள் இரண்டைக் காந்தப் பரிவினாற் படமாக்கினார். லோட்டர்பருக்கும் பிரித்தானியாவின் பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கருவியின் தத்துவத்தைச் சுருங்கக் கூறின், உடலிலுள்ள நீரின் ஐதரசன் கருக்கள் சிறு காந்த ஊசிகளைப் போன்றவை. புவியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிய காந்தத்தினுள் அவை ஒழுங்குபடுகின்றன. ரேடியோ அலையொன்று அவ்வொழுங்கைக் குலைக்கின்றது. அலை நின்றதும் அவை தம் நிலைக்கு மீள்கின்றன. மீளும் நேரம் இழையத்துக்கு இழையம் வேறுபடும். நீர்கோத்து வீங்கிய தசையில் அது நீண்டிருக்கும்; இறுகிய தழும்பில் குறுகியிருக்கும். கண்குழியில் கொழுப்பு மிகுதியாதலால், கொழுப்பின் ஒளியை அடக்கி நீரின் ஒளியை மட்டும் எழுப்பும் ஒரு முறையையும் கையாளுகின்றனர். அப்படத்தில் அழற்சியுற்ற தசை வெண்மையாக ஒளிர்கிறது. தழும்பான தசை கறுத்து நிற்கிறது. நெற்றிப்பொட்டுத் தசையின் ஒளியோடு ஒப்பிட்டு, எத்தனை மடங்கு என்று எண்ணாலும் கூறலாம்.

கண்குழி எலும்பாலான கிண்ணம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். முன்புறம் தவிர எங்கும் இடம் இல்லை. தசை பருத்தால் விழி முன்தள்ளும். முன்தள்ளவும் இயலாதவிடத்து ஆழத்தில் பார்வை நரம்பு நெரிபடும். அந்த நெரிசலையும் காந்தப் படம் காட்டும். பெரும்பாலும் முதலில் தாக்குண்பது விழிக்குக் கீழேயுள்ள தசை. அது இறுகினால் விழி மேல்நோக்க இயலாது. மேலே பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரியும். சரிவில் ஏறிக் கொழுந்து பறிப்பவளுக்கு மேலே பார்ப்பது தொழிலின் பகுதி என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

இக்கருவி எல்லாம் வல்லதன்று. எலும்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு முன் சீ.ரி. ஸ்கானே சிறந்தது. இரத்தப் பரிசோதனையின்றிப் படம் மட்டும் நோயை நிறுவாது. ஆனால் றண்டிலின் வளைகோட்டில் நோயாளி எவ்விடத்தில் நிற்கிறார் என்ற வினாவுக்கு, கண்ணின் சிவப்பை நம்பாது விடைகூறக் கூடிய கருவி இது. விடை 'எரிநிலை' என்றால், வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் ஸ்டீரொயிட்டை நாளத்தினூடு செலுத்தும் முறை உண்டு. நோய் இலேசானதாயின் செலேனியமும் பயன் தரும் என 2011இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. எமது களிமண் இறுகப் பற்றி வைத்திருப்பதாக முன்னர் கூறிய அதே செலேனியம். புகைத்தலை விடுதல் எந்நிலையிலும் முதல் மருந்து. புகைப்போரிடம் இந்நோய் கடுமையாகும் என்பது ஐயத்துக்கு இடமற்ற உண்மை.

பெரியம்மாவின் கண்

எனது பெரியம்மா ஹட்டனை அண்டிய தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். நான் எட்டாம் வகுப்பிற் பயின்ற காலத்தில் அவருக்கு உடல் மெலிந்தது, கை நடுங்கியது, குளிர்காலத்திலும் வியர்த்தது. நிறை குறைந்தது, அரைப்பேர் தொடர்ந்தது. பின்னர் கண் இமைகள் மேலேறி, பார்வை வெறித்தது. 'முறைத்துப் பார்க்கிறாய்' என்று கங்காணி ஒருநாள் ஏசினார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. இமை மேலேறிய கண் எல்லாருக்கும் முறைக்கும் கண்ணாகவே தோன்றும். நோயின் அடையாளம் திமிரின் அடையாளமாக வாசிக்கப்பட்டது. லயத்துப் பெண்கள் தம் பிள்ளைகளை அவர் பார்வையிலிருந்து மறைத்தனர். வீட்டில் மந்திரித்துத் திருநீறு பூசினோம். மருந்தகமொன்றில் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தனர். புகைச் சிவப்பு என்றனர்.

படியிறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரிந்து விழுந்த பின்னரே பெரிய வைத்தியசாலைக்குச் செல்லுமாறு கடிதம் கிடைத்தது. அது அவர் அறியாத மொழியில் இருந்தது. ஒரு முறை போய்வர ஒரு நாட் பேர் இழப்பு. அதனால் இரண்டு தவணைகள் தவறின. இறுதியில் காந்தப் படம் எடுத்தபோது நான் உடனிருந்தேன். வைத்தியர் படத்தை ஒளியிற் பிடித்துக் கீழ்த்தசையைச் சுட்டினார். அது கறுத்துக் கிடந்தது. "ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா மருந்தோட போயிருக்கும், அம்மா" என்றார். பெரியம்மா, "ஒரு வருஷமா நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஐயா" என்றார். பின்னர் சத்திரசிகிச்சையால் இரட்டைப் பார்வை ஓரளவு நீங்கியது. ஆனால் அவர் மீண்டும் மலைக்குப் போகவில்லை.

அன்று அப்படம் பொய் கூறவில்லை. மிகத் துல்லியமாக உண்மை கூறிற்று. ஆனால் அது கூறிய உண்மை, காலம் கடந்துவிட்டது என்பதாகும். உலகின் நுண்ணிய கருவிகளுள் ஒன்று, பிந்தி வந்தவளுக்குப் பிந்தியதைக் கூறும் கருவியாக மட்டுமே பயன்பட்டது.

முடிவுரை

இந்தத் தாமதத்துக்கும் வரலாறு உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே வந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி 1984இல் கிடைத்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி 1990களிலேயே தொடங்கியது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைந்த 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. தேசிய சுகாதாரச் சேவையின் வெளிவாசலில் நெடுங்காலம் நிறுத்தப்பட்ட ஒரு மக்களுக்கு, ஆண்டு தவறாது முன்னேறும் நோயொன்றில் காலம் தவறுவது வியப்பன்று.

கழுத்தை அளந்த வரலாறு எமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. பெருவிரல் நுனியளவு என்ற எளிய அளவுகோல் பாடசாலை வாசல் வரை சென்றதனாலேயே ஒரு நாட்டின் உப்பு மாறியது. கண்ணுக்கும் அவ்வாறான எளிய முதல் அளவை உண்டு. கீழே பார்க்கும்போது இமை பின்தங்குகிறதா? கறுவிழிக்கு மேலே வெண்மை தெரிகிறதா? மேலே பார்க்கும்போது ஒன்று இரண்டாகிறதா? கை நடுங்குகிறதா? இந்நான்கு வினாக்களும் கிராபேயின் காலத்து அறிவே. இவற்றைக் கேட்கக் காந்தம் வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் பணிபுரிவோர் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். விடை 'ஆம்' எனின் எழுதப்படும் கடிதம் தமிழிலும் இருத்தல் வேண்டும். வைத்தியசாலைக்குச் சென்ற நாளுக்குப் பேர் போடப்படல் வேண்டும். இம்மூன்றும் கூடிய அன்றே கண்டியில் எடுக்கப்படும் படம் கறுப்பைக் காட்டாது வெண்மையைக் காட்டும். வெண்மையைக் கண்டால் மருந்து உண்டு.

மருத்துவ பீடத்து நண்பர்கள் கருவியை மேலும் நுண்ணியதாக்கட்டும். கலைப்பீடத்தார்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. முறைக்கும் கண் எனப்பட்டது நோயுற்ற கண் என்பதை எமது மக்களுக்கு எமது மொழியில் எடுத்துரைத்தலே அக்கடமை. கொழுந்தின் நிறையை ஒரு நாளும் தவறாது குறித்துவைத்த தோட்டத்துக்கு, அக்கொழுந்தைப் பறித்தவளின் கண்ணையும் உரிய காலத்தில் பார்த்துக் குறித்துவைப்பது இயலாத செயல் அன்று.